இருபத்தாறாம் தேதிக் காப்பி

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. காய்ச்சல் வந்ததில்லை, கால் ஒடிந்ததில்லை, வேலை போனதில்லை, கன்றுக்குட்டி செத்ததில்லை. எல்லாமே டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில்தான் நடக்கும். ஒரே காலையில், மொத்தமாக, காப்பியோடு சேர்த்து.

இது எங்கள் அண்ணியின் ஏற்பாடு. என் ஒரே அண்ணனின் மனைவி. நான் தாவணி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் திருச்சி பாலக்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அம்மா முன்பே போய்விட்டதால், வந்த மறுநாளே சாவிக்கொத்து அவர் இடுப்புக்கு ஏறிவிட்டது. என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, காதோரம் நரை தெரிந்த பிறகும் பாப்பாதான்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே மின்சாரப் பிரிவில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் லீவுக்கு, மூன்று ரயில் மாறித் திருச்சிக்கு வருவோம். டிசம்பர் பிறந்ததும் அண்ணியிடமிருந்து கார்டு வந்துவிடும். 'இவ்விடம் அனைவரும் ஆண்டவர் கிருபையால் நலம். மாமா நலம். பசு நலம். நீங்கள் வரும் நாளை எழுதவும்.' அந்தக் கார்டை நம்பி சந்தோஷமாக மூட்டை கட்டிய முட்டாள் நான். பசு நலம் என்று எழுதிய வருஷம் பசுவே இல்லை. நவம்பரிலேயே விற்றாகிவிட்டது.

"ஏன் அண்ணி இப்படிப் பொய் எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க பாப்பா பொய் எழுதுனேன்? வாங்கிட்டுப் போனவன் வீட்டுல அது நலமாத்தான இருக்கு?"

இப்படித்தான் பேசுவார். ஆளை உட்காரவைத்து வாயை அடைக்கிற சாமர்த்தியம். தான் பொய் சொல்லுகிற ஆளே இல்லை என்று சத்தியம் செய்வார். சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பது அவர் கட்சி. யாராவது கெட்ட செய்தியோடு வாயைத் திறக்கப்போனால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "பண்டிகை முடியட்டும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

பண்டிகை முடிந்த மறுநாள் காலை, அண்ணி காப்பியோடு வருவார். மற்ற நாட்களில் அடுப்படிக்குப் போய் நாமே டம்ளரை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒருவருக்கும் கையில் கொண்டுவந்து கொடுக்கமாட்டார். இருபத்தாறாம் தேதி மட்டும் நாம் இருக்கிற இடத்துக்கே டம்ளர் வரும். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, நாம் இரண்டு வாய் குடிக்கும்வரை பொறுத்து, மெல்ல ஆரம்பிப்பார். "ஒண்ணு சொல்லணும் பாப்பா." அவ்வளவுதான், டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன்.

முதல் தடவை எனக்குத் தெரிய வந்தது அப்பாவின் கால். அந்த வருஷம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஈசிச்சேரில் உட்கார்ந்திருந்தார். இடுப்பிலிருந்து பாதம்வரை போர்வை. மார்கழிப் பனி, வயசானவர் போர்த்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் அதே சேர், அதே போர்வை. கிறிஸ்துமஸ் பூசைக்குக் கிளம்பும்போது, "வாங்கப்பா, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "நான் காலைலயே பூசை பார்த்துட்டேம்மா" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. வாழ்நாளில் பொய் சொல்லாத மனுஷன். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இருபத்தாறாம் தேதி காப்பி வந்தது. அண்ணி போய் அப்பாவின் போர்வையை விலக்கினார். முழங்காலிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு! குடிலுக்கு நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறி விழுந்து பத்து நாள் ஆகியிருக்கிறது. நான் கத்தோகத்தென்று கத்தினேன். அப்பாவோ, ஏதோ பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்த பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "மருமகள் சொல்லிப் பொய் சொன்னேன் சாமி" என்று சொன்னாராம். சாமியார் பரிகாரமாக மூன்று பரலோக மந்திரம் சொல்லும்படி விதித்தாராம். "மருமகளுக்கு ஒண்ணும் விதிக்கலையே" என்று அண்ணனிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

இது சிரிக்கிற கதை. அடுத்தது அவ்வளவு சிரிப்பில்லை.

அண்ணன் உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அப்பா போனதற்கு அடுத்த வருஷம் நாங்கள் லீவுக்கு வந்திருந்தபோது, அண்ணன் தினமும் எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் கேரியருமாகக் கிளம்புவார். ஐந்தரைக்குத் திரும்புவார். "என்ன அண்ணே, ஒருநாள் லீவு போடக்கூடாதா?" என்று நான்கூடக் கோபித்துக்கொண்டேன். "சீசன்மா, லீவு தரமாட்டான்" என்றார்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் தன் ஆபீஸ் நண்பர் ஒருவரைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனார். போன இடத்தில் காவேரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு இறங்கியிருக்கிறார். கீழ்ப்படியில் எங்கள் அண்ணன். பக்கத்தில் டிபன் கேரியர் அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. தயிர்சாதத்தைத் தின்றுகொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மணி பதினொன்று.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, சத்தமில்லாமல் திரும்பிவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை. இருபத்தாறாம் தேதி காப்பி கொடுத்து, "கம்பெனிய மூடி ரெண்டு மாசமாச்சு பாப்பா" என்று அண்ணி சொன்னபோது, இந்த மனுஷன் நிதானமாக, "எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அண்ணியின் வியாதி மாப்பிள்ளைக்கும் தொற்றிவிட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அண்ணனுக்கு அடுத்த மாசமே வேறு கம்பெனியில் இடம் கிடைத்தது என்பது வேறு விஷயம். ஆனால் தினமும் அந்தக் கேரியரைக் கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து, "வேளைக்குச் சாப்பிடுங்க" என்று வழியனுப்பினாரே அண்ணி, அந்த முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லையே என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஏன் இப்படி என்று ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டே. அண்ணியின் ஊர் புள்ளம்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பா சிலோனில் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அண்ணிக்கு ஒன்பது வயசில், கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் சாயங்காலம், அவர் இறந்துபோன செய்தியோடு தந்தி வந்திருக்கிறது.

"எங்க அம்மா அப்ப முறுக்குப் பிழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கையில ஒட்டுன மாவோட அப்படியே எந்திரிச்சு, இருந்த மாவையெல்லாம் மாட்டுத் தொட்டியில கொட்டிருச்சு பாப்பா. என் தம்பி கைப்புள்ள. அதுக்கப்புறம் அஞ்சாறு வருஷம் எங்க வீட்டுல அடுப்புல எண்ணெய்ச் சட்டியே ஏறல. ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தந்தி வந்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? செத்தவரு ரெண்டு நாள் கழிச்சும் செத்தவருதான?"

உலக்கையை மறுபடி ஓங்கிப் போட்டார். நான் எதைச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்கப்புறம் வருகிற ஒரு கிறிஸ்துமஸுக்காகத்தான். அறுபதுகளின் தொடக்கம். அந்த வருஷம் என் மாமியார் முதன்முதலாக எங்கள் அண்ணன் வீட்டில் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து, இரண்டு நாத்தனார்களோடு. கல்யாணத்தில் ஏதோ மரியாதைக் குறைச்சல் என்று பத்து வருஷம் அந்த வாசலை மிதிக்காமல் இருந்தவர். அவர் வருகிறார் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அண்ணிதான், "நீ சும்மா இரு பாப்பா, உங்க மாமியார நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் அண்ணி என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். நான் அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. தந்தி. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அண்ணன் பிரித்துப் படித்தார். இங்கிலீஷில் நாலே வார்த்தை. அண்ணியின் தம்பி அடித்திருந்தான். அம்மா நிலை கவலைக்கிடம், உடனே புறப்படு என்று.

அண்ணன் தந்தியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "சொல்லிடலாம்மா. கோயிலுக்குப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார்.

நான்தான் நிறுத்தினேன். நான்தான். அண்ணன்மீது பழி போட எனக்கு ஆசைதான், ஆனால் அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

"இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ இப்படித்தான் தந்தி வந்துச்சு. அண்ணி அடிச்சுப் பிடிச்சு ஓடினா அந்தம்மா உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தந்தின்னாலே இப்படித்தான எழுதுவாங்க?" என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் என் மனசில் ஓடியது அதுவா? அண்ணி கிளம்பிப் போய்விட்டால் நாளைக்குப் பதினோரு பேருக்கு யார் பிரியாணி போடுவது, என் மாமியார் முன்னால் நான் கருகின சோற்றோடு நிற்க வேண்டுமே என்பதுதான் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான் என் புத்தி.

"அண்ணியே இருந்தா என்னண்ணே சொல்லுவாங்க? பண்டிகை முடியட்டும்னுதான?" என்றேன்.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். நான் தந்தியை மடித்து என் டிரங்குப் பெட்டியில், பிள்ளைகள் சட்டைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் மாதிரி எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அண்ணி ஊதா நிறப் பட்டு கட்டியிருந்தார். என் மாமியாருக்குத் தானே இலை போட்டு, பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு கரண்டி வைக்கிறேங்க, நீங்க சாப்பிடுறதப் பார்த்தாத்தான் எனக்கு வயிறு நிறையும்" என்று சொல்லிச்சொல்லி, அந்த அம்மாளைச் சிரிக்கவே வைத்துவிட்டார். போகும்போது மாமியார் என் தலையைத் தடவி, "நல்ல வீடும்மா" என்றார். பத்து வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை. கேட்டபோது என் கண் டிரங்குப் பெட்டி இருந்த பக்கம் போனது.

சாயங்காலம் அண்ணி ஒரு டப்பாவில் ரவாலாடு அடுக்கிக்கொண்டிருந்தார். "எங்க அம்மாவுக்கு. பல்லு இல்லல்ல, முறுக்கெல்லாம் ஆகாது. நாளன்னிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். இந்த வருஷம் ஒரு குறையும் இல்ல பாப்பா. நாளைக்கு உனக்குக் காப்பி கொண்டுவர வேண்டியதில்ல" என்று சிரித்தார்.

இருபத்தாறாம் தேதி காலையில், அண்ணி எழுந்திருக்குமுன்னே நான் அடுப்படிக்குப் போனேன். காப்பி போட்டேன். அண்ணி பின்கட்டில் பல் துலக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டம்ளரை நீட்டினேன்.

அண்ணி டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார்.

"அம்மாவுக்கு முடியலையாம் அண்ணி. தந்தி வந்திருக்கு."

"எப்ப?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் எத்தன மணிக்கு?"

"ரெண்டு இருக்கும்."

"மூணே காலுக்கு ஒரு பஸ் இருந்துச்சே," என்றார். திட்டவில்லை, அழவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். நானும் வருகிறேன் என்று கூடக் கிளம்பினேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ரவாலாடு டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். காவேரிப் பாலம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம். ரோட்டை அடைத்துக்கொண்டு மாட்டுவண்டியும் ஜனமும். அரைமணிக்கு மேல் நகரவில்லை. பஸ்ஸில் ஒரு ஆள் கண்டக்டரிடம் சத்தம் போட்டார். அண்ணி, "அவங்களுக்கும் பண்டிகைதாங்க" என்றார் மெதுவாக. வழி நெடுக அவர் பேசியது அதுதான்.

ஊருக்குள் போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி. தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அண்ணியின் தம்பி குளித்த ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்றான். "நேத்துக் காலையில போயிருச்சு. உனக்காக ஒரு ராத்திரி போட்டு வச்சிருந்தோம். சாமியார் அடுத்த ஊருக்குப் போகணும்னாரு, பத்து மணிக்கு அடக்கம் முடிஞ்சிருச்சு. முந்தாநாள் ராத்திரி முச்சூடும் பேசிக்கிட்டேதான் இருந்துச்சு. சத்தம் கேட்டா வாசலப் பார்க்கும். அக்கா வந்துட்டாளா, அக்கா வந்துட்டாளான்னு. ஆள் அனுப்பலாம்னு சொன்னேன். தந்திக்கே வராதவளுக்கு ஆள் எதுக்குடான்னு சித்தப்பா சொல்லிட்டாரு. உண்மையச் சொல்லு. தந்தி கிடைக்கலையா? இல்ல பட்டணத்துப் பண்டிகைய விட்டுட்டு வர மனசு வரலையா?"

நான் அண்ணிக்குப் பின்னால் அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது அது என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. வாயைத் திறந்து, நான்தான் வைத்திருந்தேன், நான்தான் பாவி என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தத் தம்பி எங்கள் வீட்டுப் படியை மறுபடி மிதிக்கமாட்டான், அண்ணனை முகத்துக்கு நேரே கேட்பான். எல்லாம் தெரிந்தது, அதனாலேயே சொல்லவில்லை.

அண்ணி தம்பியின் ஈரத் தலையில் கையை வைத்தார்.

"இன்னைக்குக் காலையிலதான்டா என் கைக்கு வந்துச்சு," என்றார்.

தம்பி அப்போதுதான் ஓவென்று அழுதான். அழுதுகொண்டே தந்தி கொண்டுவந்தவனை, அவன் கை அழுகிப்போக என்று சபித்தான். அண்ணி அவன் வாயைப் பொத்தினார். "யாரையும் திட்டாதடா. பண்டிகை நேரம், அவங்க என்ன பண்ணுவாங்க" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் அந்த வாசலிலேயே விழுந்திருப்பேன்.

பிறகு கல்லறைக்குப் போனோம். மண் ஈரமாக இருந்தது. அண்ணி அங்கேதான் அழுதார், உட்கார்ந்து, வெகுநேரம். நான் தொடப் போனேன். கையை விலக்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நான் தங்கவயலுக்குத் திரும்பி மூன்று நான்கு கடிதம் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கிழித்துப்போட்டேன். ஒன்றை மட்டும் அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த டிசம்பரில் கார்டும் வரவில்லை. போவதா வேண்டாமா என்று எனக்குப் பெரிய குழப்பம். என் வீட்டுக்காரர்தான், "அது உன் வீடு, நீ போகாம யார் போவா" என்று டிக்கெட் வாங்கிவிட்டார். வருகிற நாளை அண்ணனுக்கு எழுதினோம்.

திருச்சி ஜங்ஷனில் வண்டி மெதுவாக உள்ளே வந்தது. அண்ணனைத் தேடி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அண்ணி நின்றுகொண்டிருந்தார். அண்ணி ஸ்டேஷனுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற வண்டியோடு கூடவே வேகமாக நடந்து வந்தார். போர்ட்டர்கள் கத்தினார்கள். அவர் கேட்கவில்லை. மூச்சு வாங்க, கம்பிக்கு வெளியிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

"பாப்பா, உங்க அண்ணனுக்கு நெஞ்சுல நீர் கோத்திருக்கு. ஆஸ்பத்திரியில சேர்த்து நாலு நாளாச்சு. பயப்பட வேண்டாம்னு டாக்டர் சொல்றாரு, ஆனா இன்னும் எந்திரிக்கல. நம்ம பால்காரம்மா போன வாரம் செத்துருச்சு. எனக்குச் சக்கரை இருக்காம். வீட்டுல பலகாரம் ஒண்ணும் செய்யல." வண்டி நின்றது. அண்ணி கம்பியை விட்டார். "அவ்வளவுதான். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப எறங்கு."